வாங்கலாம், மறுக்க முடியாது

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், பிரிஞ்சாங் மலைமுகட்டில் பெய்யும் மழை தன் போக்கில் போனால் தென்சீனக் கடலில்தான் போய்ச் சேர வேண்டும். பெர்த்தாம் ஆறு பிரிஞ்சாங்கையும் தானா ராத்தாவையும் கடந்து இறங்கி, தெலோம் ஆற்றோடு கலந்து, ஜெலாய் ஆகி, பகாங் ஆறாகி, கிழக்கே பெக்கான் அருகே கடலைத் தொடுவதுதான் அதன் இயல்பான வழி. கேமரன் மலை நீர்மின் திட்டம் 1963-இல் முழுமை பெற்ற பிறகு அந்த நீரின் பெரும்பகுதி அப்படிப் போவதில்லை. ராபின்சன் அருவிக்குக் கீழே ஒரு சிறிய மின்நிலையத்தையும் ஹபுவில் இன்னொன்றையும் ஓட்டிவிட்டு, ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் தேங்குகிறது. அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் புகுந்து மேற்கே திரும்பி, பேராக் மாநிலத்தின் ஜோரில் நிலத்தடியில் உள்ள 100 மெகாவாட் சுல்தான் யூசுப் நிலையத்தில் விழுகிறது. அதற்கும் கீழே வோவில் 150 மெகாவாட் நிலையம் ஒன்று அதே நீருக்குக் காத்திருக்கிறது. பிறகு பாத்தாங் பாடாங், பேராக் ஆறு, கடைசியில் மலாக்கா நீரிணை.

கம்போங் ராஜா பக்கத்துத் தெலோம் ஆற்று நீரையும் இன்னொரு சுரங்கம் வழியே பெர்த்தாமுக்குக் கொண்டுவந்து இதோடு சேர்த்திருக்கிறார்கள். மலை உச்சிக்குப் போகும் பாதையில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துப் படம் எடுக்கும் பயணிகளுக்கு இந்தச் சுரங்கங்கள் கண்ணில் படுவதில்லை. அணைக்குப் பகாங் சுல்தான் அபு பக்காரின் பெயர். மின்நிலையத்துக்குப் பேராக் சுல்தான் யூசுபின் பெயர். தண்ணீர் கொடுத்த மாநிலத்துக்கு ஒரு பலகை, தண்ணீர் விழுந்த மாநிலத்துக்கு ஒரு பலகை என்று மரியாதை சமமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. அதிகாரம் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதுதான் சிக்கலான கேள்வி. ஒரு மாநிலத்து ஆற்றை இன்னொரு மாநிலத்துக்குத் திருப்பி, அதை மின்சாரமாக்கி, நாடு முழுவதும் விற்க ஒரு பொது நிறுவனத்துக்கு எந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது? விற்கக் கொடுத்த இடம் வாங்கவும் உண்டா? வாங்கச் சொன்னால் மறுக்கவும் உண்டா?

முதலில் ஆறு. கூட்டு மலாய் மாநிலங்களின் காலத்தில், 1920-இல் வந்த நீர்ச்சட்டம் பகாங்கையும் பேராக்கையும் உள்ளடக்கியது. அதன்படி ஆறுகள் மாநில ஆட்சியாளருக்கு உரியவை. உரிமம் இல்லாமல் யாரும் ஆற்று நீரைத் திருப்பக் கூடாது. மின்உற்பத்திக்காக நீரைத் திருப்புவதற்கும் உரிமம் வேண்டும். ஆக, பெர்த்தாம் பகாங் சுல்தானின் ஆறு. ஆனால் 1957-இன் கூட்டரசு அரசியலமைப்பு ஒன்பதாம் அட்டவணையில் வேறொரு கணக்கு எழுதியது. ஒரே மாநிலத்துக்குள் ஓடும் ஆறு மாநிலப் பட்டியலில் நின்றது. நீரிலிருந்து மின்விசை எடுப்பதும், அதை வினியோகிப்பதும், பொதுவாக மின்சாரமும் கூட்டரசுப் பட்டியலுக்குப் போயின. நிலமும் காடும் மாநிலத்திடமே இருந்தன. மலைச்சரிவு ஒருவரிடம், அதில் ஓடும் தண்ணீர் அவரிடமே, அந்தத் தண்ணீர் விழும்போது எழும் விசை மட்டும் வேறொருவரிடம். வரைவாளர்களுக்கு இது தாளில் தெளிவாகத் தெரிந்திருக்கும். மலையில் அது எவ்வளவு குழப்பம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

விசையைக் கையில் எடுத்த அமைப்பு மத்திய மின்சார வாரியம். 1949-இன் மின்சாரச் சட்டத்தின்கீழ் அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி பிறந்தது. 1965-இல் தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறியது. எங்கள் பெரியவர்கள் வாயில் அது கடைசிவரை அந்தப் பெயரின் மலாய்ச் சுருக்கமான எல்.எல்.என். தான். அதற்கு முன்பே தீபகற்பத்தில் மின்சாரம் இருந்தது. ஈயச் சுரங்கங்களுக்காக 1930-இல் செண்டிரோ அணை கட்டிய பேராக் ஆற்று நீர்மின் கம்பெனி தனியார் கம்பெனி. லாபத்துக்காகப் பிறந்தது, 1982 வரை தாக்குப்பிடித்தது. வாரியம் அப்படிப்பட்டதல்ல. அது சட்டத்தின் பிள்ளை.

இந்த இடத்தில் சட்டக்காரர்கள் சொல்லும் ஒரு பழைய விதியை நினைவில் வைக்க வேண்டும். கடைக்காரர் ஒருவர், சட்டம் தடுக்காத எதையும் வாங்கலாம், விற்கலாம். சட்டத்தால் உண்டான வாரியமோ சட்டம் அனுமதித்ததை மட்டும்தான் செய்யலாம். மின்சாரம் வாங்க அதிகாரம் உண்டு என்று சட்டத்தில் எழுதியிருந்தால் வாங்கலாம். கடன் வாங்கலாம் என்று எழுதியிருந்தால் வாங்கலாம். எழுதாததைச் செய்தால் அது அதிகார வரம்பு மீறல், ஒப்பந்தம் செல்லாது. எதிர்த்தரப்பு நல்லெண்ணத்தோடு கையெழுத்திட்டிருந்தாலும் செல்லாது. கொடூரமான விதிதான். ஆனால் பொதுப் பணத்துக்கு அது ஒரு வேலி.

கேமரன் மலைத் திட்டத்தின் முதல் பெரிய பரிவர்த்தனை மின்சாரத்தைப் பற்றியதல்ல, கடனைப் பற்றியது. மலாயா உலக வங்கியில் சேர்ந்தது 1958 மார்ச் மாதத்தில். அதே ஆண்டில் வாரியத்துக்கு வங்கி 3 கோடியே 56 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. சுதந்திர மலாயா பெற்ற முதல் உலக வங்கிக் கடன் இந்த மலைக்காகத்தான். உலக வங்கியின் சாசனப்படி, அரசாங்கம் அல்லாத ஓர் அமைப்பு கடன் வாங்கினால் அந்த நாட்டு அரசாங்கம் பிணை நிற்க வேண்டும். கடனாளி வாரியம், பிணையாளி கூட்டரசு என்று அப்போதே பாத்திரங்கள் அமைந்துவிட்டன. பிணை நிற்பவர் சொல்லுக்கு எடை கூடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பத்து ஆண்டுகளில் சுரங்கங்களும் அணையும் நிலையங்களும் எழுந்தன. வாரியம் தானே உற்பத்தி செய்து, தானே கடத்தி, தானே விற்றது. யாரிடமிருந்தும் வாங்க வேண்டிய கட்டாயம் பெரிதாக இல்லாததால், வாங்கும் அதிகாரத்தின் எல்லை எது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டு, அதற்குக் கடுமையான பதிலும் பெற்ற ஊர் வேறு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1970-களில் பொது மின்நிறுவனங்கள் சேர்ந்து ஐந்து அணுமின் நிலையங்கள் கட்டத் திட்டமிட்டன. நான்காவது, ஐந்தாவது நிலையங்களுக்காக 1976-இல் 88 பங்கேற்பாளர்கள், நகராட்சிகள், மாவட்டப் பொது மின்நிறுவனங்கள், கூட்டுறவுகள் எல்லாம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நிலையம் முடிந்தாலும் முடியாவிட்டாலும், ஒரு யூனிட் கூட வராவிட்டாலும், கடனுக்கான தவணையை அவை கட்டியே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். 1982 ஜனவரியில் இரண்டு நிலையங்களும் பாதியில் கைவிடப்பட்டன. மின்சாரம் இல்லை, 225 கோடி டாலர் பத்திரக் கடன் மட்டும் இருந்தது.

1983 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மின்சாரம் வாங்க நகராட்சிகளுக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது, உண்மை. ஆனால் வராத மின்சாரத்துக்குப் பணம் கட்டுவதாக ஒப்புக்கொள்வது மின்சாரம் வாங்குவதாகாது. நிலையத்தின் உரிமையும் கையில் இல்லை, கட்டுப்பாடும் இல்லை, பொருளும் இல்லை. ஆகவே அந்த ஒப்பந்தம் அதிகார வரம்பை மீறியது, செல்லாது. நுகர்வோர் தப்பினார்கள். பத்திரம் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் சேமிப்பை நம்பிப் போட்ட சாதாரண மனிதர்களும் இருந்தார்கள். அமெரிக்க நகராட்சிப் பத்திர வரலாற்றில் அன்றுவரை அதுபோல் பெரிய கடன் தவறல் நடந்ததில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து லண்டனில் பிரபுக்கள் சபை இதே விதியைக் கொண்டு ஒரு நகர மன்றத்தின் வட்டி மாற்று ஒப்பந்தங்களைச் செல்லாதவை என்றது. அந்தத் தீர்ப்புகள் நியாயமானவையா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் ஒன்று நிச்சயம்: பொது நிறுவனம் எதை வாங்கலாம் என்பதைச் சட்டம் ஒரு வரியில் சொல்லியிருந்தால், அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு குடிமகன் நீதிமன்றப் படி ஏற முடிந்தது.

மலேசியாவில் அந்த வரி 1990-இல் அழிந்தது.

அவ்வாண்டு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, மின்சார வழங்கல் சட்டம். மற்றொன்று, வாரியத்தின் சொத்து, கடன், ஊழியர்கள் எல்லாவற்றையும் ஒரு வாரிசுக் கம்பெனிக்கு மாற்றும் சட்டம். 1990 செப்டம்பர் முதல் தேதி, வாரியம் பிறந்த அதே தேதியில், தெனாகா நேஷனல் பெர்ஹாட் வேலையைத் தொடங்கியது. 1992 மே மாதம் பங்குச் சந்தையில் ஏறியது. சுங்கை பாலாஸ் லயத்து வீட்டுக்கு வரும் பில்லில் பெயர் மாறியது; விளக்கு மாறவில்லை. சட்ட நோக்கில் பார்த்தால் நடந்தது பெரிய மாற்றம். வாரியத்தின் அதிகாரம் சட்டத்திலிருந்து வந்தது. கம்பெனியின் அதிகாரம் அதன் அமைப்புப் பத்திரத்திலிருந்து வந்தது. அமைப்புப் பத்திரத்தை மீறிய ஒப்பந்தம்கூட அந்தக் காரணத்துக்காக மட்டும் செல்லாமல் போகாது என்று 1965-இன் கம்பெனிகள் சட்டம் ஏற்கெனவே தளர்த்தி வைத்திருந்தது. கடைக்காரரின் சுதந்திரம் மின்வாரியத்துக்கும் கிடைத்துவிட்டது என்று தோன்றும். கிடைக்கவில்லை. நிதி அமைச்சர் கையில் ஒரு சிறப்புப் பங்கு இருந்தது. கட்டணத்துக்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். உற்பத்தி செய்யவும் பிறருக்கு வழங்கவும் உரிமம் வேண்டும். வரம்பு மீறல் என்ற பழைய வேலி போனது. அதன் இடத்தில் அமைச்சரகத்தின் கதவு வந்தது. வேலிக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் மக்கள் வந்து நிற்கலாம். கதவைத் திறப்பவர் ஒரே ஆள்.

1992 செப்டம்பர் 29-ஆம் தேதி தீபகற்பத்தின் பெரும்பகுதி இருண்டது. அவ்வப்போது வந்த மின்வெட்டுகளும் தொழிற்சாலைகளின் கோபமும் சேர்ந்து அழுத்தியதால், தனியார் மின்உற்பத்தியாளர்களுக்கு அரசாங்கம் வழி திறந்தது. 1993 தொடங்கி முதல் தலைமுறை என்று பின்னர் பெயர் பெற்ற ஐந்து கம்பெனிகள் உரிமம் பெற்றன: ஒய்.டி.எல். பவர், மலாக்கோஃப் சார்ந்த செகாரி, கெந்திங் சான்யென், பவர்டெக், போர்ட் டிக்சன் பவர். ஐந்தும் சேர்ந்து 4,000 மெகாவாட்டுக்கு மேல். வாங்குபவர் ஒருவரே, தெனாகா. ஒப்பந்தக் காலம் 21 ஆண்டுகள். மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையம் தயாராக நின்றதற்கான திறன் கட்டணம் உண்டு. எரிபொருள் விலை ஏற்ற இறக்கம் பெரும்பாலும் வாங்குபவர் தலையில்.

அன்று தெனாகாவின் தலைவராக இருந்தவர் டான் ஸ்ரீ அனி அரோப். பதவியை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து, 2006-இல் அவர் பத்திரிகைக்கு வெளிப்படையாகப் பேசினார். ஒப்பந்த நிபந்தனைகள் பிரதமர் துறையின் பொருளாதாரத் திட்டப் பிரிவிலிருந்து வந்தன, தெனாகா பேரம் பேச இடமிருக்கவில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். 1996-இல் அவர் பதவிக்காலம் முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 3-ஆம் தேதியும் தீபகற்பம் முழுக்க ஒரு பெரிய மின்தடை வந்தது. 1997-க்குப் பிறகு பொருளாதாரம் சுருங்கியபோது தேவைக்கு மேலே நின்ற உற்பத்தித் திறன் பெருகிக்கொண்டே போனது. எடுக்காத மின்சாரத்துக்கும் கட்டணம் ஓடியது.

வாஷிங்டனோடு இதை ஒப்பிடும்போது நேர்மையாக ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். அங்கே நிலையம் கட்டப்படவே இல்லை. இங்கே கட்டப்பட்டது, ஓடியது, 1990-களின் நடுவில் மின்பற்றாக்குறையை உண்மையாகவே தீர்த்தது. ஆகவே வராத பொருளுக்குப் பணம் என்ற வாதம் இங்கே முழுமையாகப் பொருந்தாது. ஆனால் சட்டத்தின் கண்ணோட்டத்தில் வேறொன்று முக்கியம். ஓர் அணுமின் நிலையத்துக்குச் சம்மதித்த நகராட்சி தன் அதிகாரத்தை மீறியதா என்று அங்கே கேட்க முடிந்தது. இங்கே தெனாகா தன் அதிகாரத்தை மீறவில்லை. வாங்க அதற்கு எல்லா அதிகாரமும் இருந்தது. இல்லாதது மறுக்கும் அதிகாரம். எந்த நீதிமன்றமும் அதை ஒரு வழக்குக் காரணமாக எடுத்துக்கொள்ளாது. மேலே உள்ள அரசாங்கம் சொன்னது, கீழே உள்ள கம்பெனி கையெழுத்திட்டது, எல்லாம் சட்டப்படியே நடந்தது.

அந்த ஒப்பந்தங்களால் அதிக லாபம் போகிறது என்று 2008-இல் அரசாங்கமே முடிவு செய்தது. சொத்து மீதான வருமானம் 9 விழுக்காட்டைத் தாண்டினால் அதற்கு மேலுள்ளதில் 30 விழுக்காடு வரி என்று அவ்வாண்டு ஜூனில் அறிவித்தது. பங்குச் சந்தை அலறியது. சில மாதங்களிலேயே அது ஒருமுறை செலுத்தும் தொகையாகச் சுருங்கியது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கப் பார்த்த இந்த அத்தியாயத்தில், வாங்குபவரான தெனாகா எங்கும் தென்படவில்லை என்பதைக் கவனிக்கலாம்.

இந்தியாவில் இதே கதை வேறு உடையில் வந்தது. மாநில மின்வாரியங்களுக்கு மின்சாரம் வாங்கும் அதிகாரத்தை 1948-இன் மின்சார (வழங்கல்) சட்டத்தின் 43-ஆம் பிரிவு கொடுத்திருந்தது. மகாராஷ்டிர மின்வாரியம் 1993 டிசம்பரில் என்ரான் கம்பெனியின் தாபோல் திட்டத்தோடு ஒப்பந்தம் செய்தது. அந்தத் திட்டம் பொருளாதார ரீதியில் தாங்காது என்று உலக வங்கி அதே ஆண்டில் எழுதியும் அது நிற்கவில்லை. டாலரோடு கட்டப்பட்ட விலை ஏறியது. 2001-இல் வாரியம் வாங்குவதை நிறுத்தியது. மாதவ் கோட்போலே தலைமையிலான குழு அந்த ஒப்பந்தத்தைக் கடுமையாக விமர்சித்தது. தாபோலின் பின்விளைவு என்று நேரடியாகச் சொல்ல முடியாவிட்டாலும், 2003-இன் மின்சாரச் சட்டத்தில் 86-ஆம் பிரிவு அந்தப் பாடத்தின் மணத்தோடு இருக்கிறது. வினியோக நிறுவனம் யாரிடம், என்ன விலைக்கு, எந்த முறையில் வாங்குகிறது என்பதை மாநில ஒழுங்குமுறை ஆணையம் முறைப்படுத்தும். ஒப்பந்தம் ஆணையத்தின் முன்னால் வர வேண்டும். பொதுமக்கள் எதிர்வாதம் சொல்லலாம்.

சென்னையில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணைகளுக்குப் போய் மணிக்கணக்கில் வாதாடும் நுகர்வோர் அமைப்பினரை நான் மதிக்கிறேன். அதே நேரத்தில், 2010-இல் தமிழ்நாடு மின்வாரியம் பிரிக்கப்பட்டு உருவான வினியோகக் கழகத்தின் கடன் 1 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதையும் மறைக்க முடியாது. ஆணையம் மறுக்கலாம் என்பது வேறு, மறுக்கும் என்பது வேறு. எனினும் மறுக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று இந்தியாவில் விரல் நீட்டிக் காட்ட முடிகிறது. இலங்கையில் இந்த விரல் எந்தப் பக்கமும் திரும்பலாம்: 2009-இன் மின்சாரச் சட்டம் போட்டிக் கேள்வி மூலம் கொள்முதல் செய்யச் சொன்னது, 2022 ஜூனில் நாடாளுமன்றம் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தித் திருத்தியது. அதானி காற்றாலைத் திட்டம் பற்றிய சர்ச்சை அப்போது கொழும்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

மலேசியா மெதுவாகத் தன் வழியைத் திருத்தியது. 2001-இன் சட்டத்தின்கீழ் எரிசக்தி ஆணையம் பிறந்து 2002-இல் வேலை தொடங்கியது. 2012-இல் பிராய் நிலையத்துக்கு ஆணையம் போட்டிக் கேள்வி விட்டது. 1,071 மெகாவாட் நிலையத்தைத் தெனாகா யூனிட்டுக்கு 34.7 சென் விலை சொல்லி வென்றது. முதல் தலைமுறை ஒப்பந்தங்கள் சில, நீட்டிப்பு கேட்டு வந்தபோது குறைந்த கட்டணத்துக்கு இறங்கின. 2015-இல் மின்சார வழங்கல் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒரே கொள்முதலாளர் என்ற பாத்திரத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. குறைந்த செலவில் மின்சாரம் வாங்கி, எந்த நிலையம் எப்போது ஓட வேண்டும் என்று அட்டவணை போடுவது அதன் வேலை. அதன் கணக்குகளும் ஆட்களும் தெனாகாவின் மற்றப் பிரிவுகளிலிருந்து வேலியிட்டுப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். சட்டம் வந்ததும் வேலி வந்தது, நல்லதுதான். ஆனால் வீடு ஒன்றே. 2020-இல் தெனாகா தன் உற்பத்தி நிலையங்களைத் தனிக் கிளைக் கம்பெனிக்கு மாற்றியது. ஜோரிலும் வோவிலும் உற்பத்தியாகும் மின்சாரத்தை விற்பவர் தெனாகாவின் பிள்ளை. வாங்குபவர் தெனாகாவுக்குள் இருக்கும் பிரிவு. விலையின் நியாயத்தைப் பார்க்க வேண்டியவர் ஆணையம். கடைசி ஒப்புதல் அமைச்சர். இந்தச் சங்கிலியில் மறுக்கக்கூடியவர் கடைசி இருவர் மட்டும்.

இப்போது மலைக்குத் திரும்பலாம், ஏனென்றால் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி முற்றிலும் காணாமல் போயிருக்கிறது: நிலம்.

ரிங்லெட் நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது அதன் கொள்ளளவு சுமார் 63 லட்சம் கன மீட்டர். அடியில் ஒரு பகுதி வண்டல் சேர்வதற்காகவே ஒதுக்கப்பட்டது; அது பல பத்தாண்டுகள் தாங்கும் என்று கணக்கிட்டார்கள். தாங்கவில்லை. பிரிஞ்சாங், கீ ஃபார்ம், கம்போங் ராஜா, ஹபு எங்கும் சரிவுகளில் காய்கறித் தோட்டங்களும் நெகிழிக் கூரைப் பண்ணைகளும் பெருகின. தற்காலிகக் குடியேற்ற உரிமத்தோடு சில, உரிமமே இல்லாமல் சில. மேல்மண் மழையில் வழிந்து பெர்த்தாமில் இறங்கி நீர்த்தேக்கத்தில் குடியேறுகிறது. தேயிலைச் சரிவிலும் மண் அரிக்கும்; ஆனால் நெருக்கமாக மூடிய தேயிலைப் புதருக்கும் வெட்டவெளியாக உழுத காய்கறிப் பாத்திக்கும் உள்ள வித்தியாசத்தைக் காலையில் ஆற்று நீரின் நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

வண்டலை வாரியெடுக்கும் செலவு தெனாகாவின் கணக்கில். அது எங்கேயாவது கட்டணத்துக்குள் ஏறும். ஆனால் வண்டல் பிறக்கும் இடத்தில் தெனாகாவுக்கு எந்த அதிகாரமும் இல்லை. நிலம் மாநிலத்தின் கையில். உரிமம் கொடுப்பது நில அலுவலகம். மின்விசை உற்பத்தியைக் கூட்டரசுப் பட்டியலில் வைத்த அரசியலமைப்பு, அந்த விசையைக் காப்பாற்றும் சரிவை மாநிலப் பட்டியலில் விட்டது. தெனாகா ஒரு விவசாயியோடு, உங்கள் சரிவில் மரம் நடுங்கள், வண்டல் குறைந்தால் பணம் தருகிறோம் என்று ஓர் ஒப்பந்தம் போடலாமா? கம்பெனி என்ற முறையில் போடலாம். ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தற்காலிக உரிமத்தில் உட்கார்ந்திருப்பவர் இருபது ஆண்டு வாக்குறுதி கொடுக்க முடியாது. உரிமமே இல்லாதவரோடு ஒப்பந்தம் எழுதுவதை எந்த இயக்குநர் குழுவும் அங்கீகரிக்காது. மின்சாரம் வாங்க 21 ஆண்டு ஒப்பந்தம் எழுதிய நிறுவனத்துக்கு மண்ணை நிறுத்திவைக்க ஓர் ஆண்டு ஒப்பந்தம் எழுத வழி இல்லை.

2013 அக்டோபர் 23-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், கனமழையில் நீர்த்தேக்கம் நிரம்பியதால் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அணையைக் காப்பாற்ற நீரைத் திறப்பது அணையை நடத்துபவரின் பொறுப்புகளில் ஒன்று என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் நீர்த்தேக்கம் சிறுத்துப்போனதும், கீழே ஆற்றங்கரையில் ஆட்கள் குடியேறியிருந்ததும், வெவ்வேறு அதிகாரங்களின் கீழ் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்தவை. சட்டப் பட்டியல்கள் பிரித்து வைத்ததை அன்று இரவு தண்ணீர் ஒன்றாகச் சேர்த்தது. ரிங்லெட் அணைக்குக் கீழே சூசூ அணையும் 372 மெகாவாட் ஊலு ஜெலாய் நிலையமும் 2016-இல் எழுந்துவிட்டன. பெர்த்தாமின் எஞ்சிய நீரும் இப்போது கணக்கில் வந்துவிட்டது.

மலையில் வசிப்பவருக்கு இந்த வியாபாரத்தில் ஏதாவது இடம் உண்டா? தோட்டத் தொழிலாளிக்கு ஒரு பழைய பாதுகாப்பு உண்டு. தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990-இன் சட்டம் தோட்ட முதலாளி குடியிருப்புக்குத் தண்ணீரும் மின்சாரமும் செய்து தர வேண்டும் என்கிறது. அது பெறும் உரிமை, விற்கும் உரிமையல்ல. தோட்ட நிர்வாகமே ஜெனரேட்டர் வைத்து லயங்களுக்கு மின்சாரம் கொடுத்தால்கூட மின்சார வழங்கல் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்கீழ் உரிமம் தேவை. தோட்டத்து ஓடையில் ஒரு சிறு நீர்மின் நிலையம் அமைத்து விற்கலாம் என்று யோசிப்பவர் மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும்: தண்ணீரைத் திருப்ப மாநிலத்திடம், மின்சாரம் செய்ய ஆணையத்திடம், 2011-இன் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தின்கீழ் நிர்ணய விலைக்கு விற்க ஒதுக்கீடு வழங்கும் அமைப்பிடம். கடைசிக் கதவில் ஒதுக்கீடு தீர்ந்திருந்தால் முதல் இரண்டும் திறந்து பயனில்லை. பிரிஞ்சாங் கடைவீதிக் கூரையில் சூரியத் தகடு வைத்தவருக்கு 2016-இல் தொடங்கிய நிகர அளவைத் திட்டம் வழி கொடுத்தது. ஆனால் அதில் கிடைத்தது பணமல்ல, பில்லில் ஈடு. பாதி நாள் மேகத்துக்குள் இருக்கும் ஊரில் அந்த ஈடு எவ்வளவு என்பதைக் கடைக்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

இந்தப் பழைய ஏற்பாட்டில் இப்போது ஒரு புதிய சரக்கு வந்திருக்கிறது. 2022 ஜனவரி முதல் தெனாகா பசுமை மின்கட்டணம் என்று ஒன்றை விற்கிறது. வாடிக்கையாளர் வழக்கமான கட்டணத்தோடு தொடக்கத்தில் யூனிட்டுக்கு 3.7 சென் கூடுதலாகக் கொடுத்து, தான் பயன்படுத்தும் மின்சாரம் புதுப்பிக்கத்தக்கது என்ற சான்றிதழைப் பெறலாம். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு இந்தச் சான்றிதழ் அவசியம்; பின்னர் விலையும் பல மடங்கு உயர்த்தப்பட்டது. இதற்கான மின்சாரம் சூரிய நிலையங்களிலிருந்தும் நீர்மின் நிலையங்களிலிருந்தும் வருகிறது. 2024-இல் பெருநிறுவனங்கள் தெனாகாவின் கம்பிவழியே நேரடியாகப் பசுமை மின்சாரம் வாங்க இன்னொரு திட்டம் வந்தது. கம்பியைப் பயன்படுத்தத் தொடக்கத்தில் யூனிட்டுக்கு 25 சென் அல்லது 45 சென் கட்டணம் வைக்கப்பட்டது. அதே ஆண்டு எல்லை கடந்து சிங்கப்பூருக்குப் பசுமை மின்சாரம் விற்க மலேசிய எரிசக்திச் சந்தை திறக்கப்பட்டது.

1958-இல் வாரியம் உலக வங்கிக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டபோது, நீர்மின் நிலையம் விற்கும் பொருள் ஒன்றே: மின்சாரம். இன்று அதே வகை நிலையங்கள் இரண்டு பொருள்களை விற்கின்றன. ஒன்று மின்சாரம், மற்றொன்று, அந்த மின்சாரம் கரியில் பிறக்கவில்லை என்ற பெருமை. இரண்டாவது யாருடையது? ஆறு பகாங் ஆட்சியாளருடையது என்கிறது 1920-இன் சட்டம். விசை கூட்டரசுடையது என்கிறது ஒன்பதாம் அட்டவணை. மரம் நின்றால்தான் அணை நிற்கும் என்ற சரிவு மாநிலத்துடையது. விலை வைப்பதும் சான்றிதழை விற்பதும் தெனாகா, அமைச்சரின் ஒப்புதலோடு. காடு காத்ததற்குக் கூட்டரசிடம் பணம் கேட்கும் மாநிலங்கள், நாளை அணைக்கு மேலுள்ள சரிவைக் காட்டி இந்தச் சான்றிதழ்ப் பணத்தில் பங்கு கேட்டால், தெனாகா ஒப்புக்கொள்ளலாமா? ஒப்புக்கொள்ள அதற்குக் கம்பெனிச் சட்டப்படி அதிகாரம் உண்டு. அமைச்சர் சொல்லாமல் அது ஒரு சென்கூடக் கொடுக்காது என்பதும் அனி அரோப் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்ததுதான்.